ஹாட் என்று சொல்லச் சொன்னேன்

தம்பி,

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் பெங்களூரில் உன் பைக்கை ஒரு தண்ணீர் லாரி இடித்தது. பத்தொன்பது நாள் கண் மூடிக் கிடந்தாய். கண் விழித்து, தொண்டையில் வைத்திருந்த குழாயை எடுத்து, சில வாரம் கழித்து நீ பேசத் தொடங்கியபோது உன்னிடம் இங்கிலீஷ் இருந்தது. தமிழ் இல்லை.

நடந்தது இதுதான். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள், கப்பல் ஜெட்டியில் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். தமிழ் போய்விட்டது என்றால் யாரும் நம்புவதில்லை. "அதெப்படி அண்ணாச்சி, தாய்மொழி போகும்?" என்கிறார்கள், நான் ஏதோ சரக்கை ஒளித்து வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிற மாதிரி. போர்ட் பிளேயரில் பிறந்த பிள்ளை, தெருவெல்லாம் ஹிந்தியில் விளையாடியவன், ஹிந்தியாவது மிஞ்சியிருக்கும் என்று பார்த்தேன். 'டீக் ஹை', 'சரி' என்கிற அந்த ஒன்றுதான் மிஞ்சியது. கால் வலிக்கிறதா என்றால் டீக் ஹை. சாப்பிடுகிறாயா என்றால் டீக் ஹை. எதுவுமே டீக்காக இல்லாத நேரத்தில் அந்த ஒன்று மட்டும் ஏன் மிஞ்சியது என்று யாரிடம் போய்க் கேட்பது?

பெரிய டாக்டரிடம் நான் எனக்குத் தெரிந்த விதத்தில் கேட்டேன். "சார், சரக்கு கோடவுன்ல இருக்கா, இல்ல சரக்கே போயிருச்சா?" அவர் சேலத்துக்காரர், சிரித்துவிட்டார். "இருக்குன்னுதான் நினைக்கிறோம். கதவு திறக்கலை. இங்கிலீஷ் கதவு திறந்துக்கிச்சு. மத்தது எப்ப திறக்கும், திறக்குமா, இதெல்லாம் எங்க கையில இல்லை" என்றார். கேட்பது உனக்குக் கொஞ்சம் புரியும், சொல்லத்தான் வராது, படிக்கவும் வராது என்றார். அப்படியென்றால் இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது. தெரிந்துதான் எழுதுகிறேன். வருகிற புதன்கிழமை விமானத்தில் நீ மறுபடி பெங்களூர் போகிறாய், ஆறு மாதம் அந்தப் பயிற்சி இல்லத்தில் இருக்கப் போகிறாய். அம்மா கூட வருகிறாள். தினம் கொஞ்சமாக அவள் உனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் கடையை விட்டு வர முடியாது. கடை ஓடினால்தான் அந்த ஆறு மாதமும் ஓடும். உன் அப்பன் தனக்குத் தெரிந்த மொழியில் ஒரு முறையாவது உன்னிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். அதற்குத்தான் இது.

எனக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியும், இங்கிலீஷ் தெரியாது. இந்த வித்தியாசம் அறுபத்தொரு வயதில்தான் எனக்குப் புரிந்தது. பத்தொன்பது வயதில் சென்னையிலிருந்து கப்பல் ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கியவன். யாரோ ஒருவர் கடையில் பெயிண்ட் டின் தூக்கினேன். ஸ்டாக், டேமேஜ், ஷார்ட்டேஜ், டெலிவரி, ரிட்டர்ன். இந்த வார்த்தைகளை வைத்தே சொந்தமாகப் பெயிண்ட், ஹார்ட்வேர் கடை போட்டேன். வங்காளி மேஸ்திரி, தெலுங்கு கான்ட்ராக்டர், கேப்டன் என்று அழைக்கப்படும் நிக்கோபாரி ஊர்த்தலைவர் எல்லோரிடமும் பாதி ஹிந்தி, பாதி கையசைவில் வியாபாரம் பண்ணினேன். ஆனால் பெரிய ஆர்டர் தரும் ஆபீஸ்களில் மட்டும், இங்கிலீஷில் பேசத் தெரிந்தவன் நாற்காலியில் உட்காருவான், நான் வாசல் பெஞ்சில் உட்காருவேன். அந்தப் பெஞ்சு உன் வாழ்க்கையில் வரக்கூடாது என்று முடிவு பண்ணினேன். அந்த முடிவில் தப்பில்லை. அதைச் செய்த விதத்தில் இருக்கிறது தப்பு.

ஆஸ்பத்திரியில் உனக்கு முதன்முதலில் வந்த வாக்கியம் என்ன தெரியுமா? நர்ஸ் பெண் ஓடி வந்து, "அங்கிள், பேசுறார், அழகா பேசுறார்!" என்றாள். நானும் அம்மாவும் உள்ளே ஓடினோம். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, "கண்ட்ரி லைஃப் இஸ் பீஸ்ஃபுல். டவுன் லைஃப் இஸ் நாய்ஸி. இன் தி கண்ட்ரி, தி ஏர் இஸ் ஃப்ரெஷ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்த வரிகள் தெரியும். அது பேச்சு இல்லை தம்பி. நாலாம் வகுப்புக் கட்டுரை. பட்டணத்து வாழ்க்கையும் நாட்டுப்புற வாழ்க்கையும் என்று பள்ளியில் கொடுத்தார்கள். தீவை விட்டு வெளியே போகாத பிள்ளை, வயல் என்றால் என்னவென்று பார்த்திராத பிள்ளை, உன்னைக் கல்லாப் பக்கத்து ஸ்டூலில் ஏற்றி நிற்க வைத்து, வருகிற வாடிக்கையாளர் முன்னால் எல்லாம் அதை ஒப்பிக்க வைத்தேன். ஒரு வரி விட்டுப்போனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். "பேட்டா ஃபர்ஸ்ட் கிளாஸ் ஹை, சேட்!" என்பார்கள்; பேட்டா என்றால் மகன், சேட் என்றால் கடை முதலாளி, இங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் நெஞ்சை நிமிர்த்துவேன்.

நான் அடித்து ஏற்றியது தங்கிவிட்டது. உன் அம்மா சும்மா கொடுத்தது போய்விட்டது. எந்தக் கடவுள் இப்படி ஒரு வியாபாரம் செய்வான்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதை அம்மா வாசிக்கும்போது அவள் குரல் மாறலாம், நீ பயப்படாதே. உனக்கு ஏழு வயது இருக்கும்போது வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். சாப்பிடும் மேஜையில் இங்கிலீஷ் மட்டும்தான். தமிழ் பேசினால் தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளிப்படியில் போய் நிற்க வேண்டும். அதையே இங்கிலீஷில் சொல்லத் தெரிந்த பிறகு உள்ளே வரலாம். இதனால் என்ன ஆயிற்று என்றால், உன் அம்மா மேஜையில் பேசுவதையே விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியாத மொழி. எனக்கும் 'ரைஸ்', 'மோர்', 'ஃபினிஷ்' என்ற மூன்றுக்கு மேல் தெரியாது. 'மோர்' என்று நான் சோறு கேட்டால் அவள் மோரை ஊற்றுவாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். சிரிப்பு எந்த மொழி என்று தெரியாததால் அதற்கு மட்டும் தண்டனை கிடையாது.

ஒரு நாள் மீன் குழம்பு. அம்மா ஊரிலிருந்து வந்த புது மிளகாயை அரைத்திருந்தாள். ஒரு வாய் வைத்ததும் உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உறைக்குது!" என்றாய். நான் வாசலைக் காட்டினேன். நீ எழுந்து போய்ப் படியில் நின்றாய். மூக்கு ஒழுக, வாயைத் திறந்து ஊதிக்கொண்டு நின்றாய். எனக்கே அதற்கு இங்கிலீஷ் என்னவென்று தெரியாது. கீழே தெருவில் உனக்கு டியூஷன் எடுத்த வாத்தியாரிடம் கேட்டு வந்து, "இட் இஸ் ஹாட்னு சொல்லு" என்றேன். நீ சொன்னாய். உள்ளே விட்டேன். நீ அம்மாவிடம் போய் "ஹாட், ஹாட்" என்று அழுதாய். அவளுக்கு ஹாட் என்றால் சூடு என்று தெரியும். பிள்ளைக்குச் சாப்பாடு சுடுகிறது என்று நினைத்து, தட்டை எடுத்து வைத்து ஊத ஆரம்பித்துவிட்டாள். உன் வாய் எரிகிறது, அவள் சோற்றை ஊதுகிறாள். நீ சொல்ல முடியாமல் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாய். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சட்டத்தை நானே மீறக்கூடாது என்று. ஒரு ஸ்பூன் சர்க்கரை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆறு மாதத்துக்கு முன்னால் உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரீனா மேடம் பெங்களூரிலிருந்து ஃபோனில் வருவார். மலையாளப் பெண், தமிழ் பேசுவார். மூன்று கட்டு அட்டைகளை அனுப்பியிருந்தார். ஒன்றில் பட்டணத்துக் காட்சிகள், ஒன்றில் நாட்டுப்புறக் காட்சிகள், மூன்றாவதில் பழைய ஓவியங்கள். ஒரு அட்டையை எடுத்து, அதில் என்ன தெரிகிறது, யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று நீ சொல்ல வேண்டும். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து அவரும் ஒரு அட்டையைச் சொல்ல வேண்டும். "நான் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் கிடையாதே மேடம்" என்றேன். "நீங்க சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், அங்கிள். நீங்களும் படிக்கணும். உங்களுக்குத் தப்பு வரணும். அப்பதான் அவருக்குத் திருத்தணும்னு தோணும்" என்றார். அறுபத்தொரு வயதில் தப்பு பண்ணுவதற்காகவே ஒரு வேலை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, மேலே வீட்டுக்கு ஏறி வந்து, அலமாரிக்குப் பக்கத்தில் உனக்கு எதிரே உட்கார ஆரம்பித்தேன்.

முதல் அட்டை. பெரிய தெரு, பஸ், உயரமான கட்டடம். "திஸ் இஸ் மெயின்லேண்ட்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். "நோ. டவுன்." அடுத்த அட்டை. வயல், மாடு, மரத்தடியில் ஒரு ஆள். "திஸ் ஆல்ஸோ மெயின்லேண்ட்" என்றேன். என்ன தப்பு? கடல் இல்லை, ஜெட்டி இல்லை, மலைச்சரிவில் தகரக்கூரை இல்லை. இந்தத் தீவில் யாரைக் கேட்டாலும் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் மெயின்லேண்ட் என்றுதான் சொல்வார்கள். நீ அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், சிரித்தாய். விபத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. அடுப்படியில் இருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து இன்னும் நான்கைந்து நாள் வேண்டுமென்றே எல்லாவற்றையும் மெயின்லேண்ட் என்றேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். "யூ ஆர் ஆக்டிங்" என்றாய்.

ஆனால் மற்ற தப்பெல்லாம் நிஜம். எனக்கு ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாது. சுவரைப் பார்த்தால் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்றுதான் ஓடும். "வால் இஸ் ஐவரி. டோர் இஸ் டார்க் பிரவுன். டூ கோட். ஃபோர் லிட்டர்" என்றேன். ஃபோனில் ரீனா மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ அங்கிள், ஓவியத்துக்கு எஸ்டிமேட் போடாதீங்க!" ஆனால் நிறத்தில் மட்டும் உன்னாலோ அவராலோ என்னைத் திருத்த முடியவில்லை. நீ 'ரெட்' என்பாய். நான் கடையிலிருந்து ஷேடு கார்டை எடுத்து வந்து, "நோ ரெட். டெரகோட்டா" என்பேன். நீ 'புளூ' என்றால் நான் அதில் ஆறு புளூ காட்டுவேன். நாற்பது வருடமாக விற்கிற கார்டு அது. அதிலிருந்த பெயரெல்லாம் இங்கிலீஷ் என்றே நான் நினைத்ததில்லை, பெயிண்ட் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஓவியக் கட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். மேஜை மேல் கையை வைத்து, எங்கேயும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "ஷி இஸ்... ஷி இஸ் டேமேஜ்" என்றேன். நீ சிரிக்கவில்லை. "ஸேட்" என்றாய். கடைக்கு வரும் வங்காளி மேஸ்திரி ஷிபு என்னை 'சேட்' என்று கூப்பிடுவது போலவே காதில் விழுந்தது. "என்னப்பா?" என்று நிமிர்ந்தேன். நீ அந்தப் பெண்ணைக் காட்டினாய். "ஷி இஸ் ஸேட்." பிறகு உன் விரல் என் பக்கம் திரும்பியது. "யூ ஆல்ஸோ." வருத்தம் என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை எனக்கு அன்றுதான் கிடைத்தது. இத்தனை வருடமாக ஊரே என்னை அதைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நல்ல நாட்களை மட்டும் எழுதினால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். உன் இங்கிலீஷ் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. தமிழ் வரவேயில்லை. நீ என்னைச் 'சார்' என்று கூப்பிடுகிறாய். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 'சார்'. அம்மாவை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கையை நீட்டினால் அவள் வந்துவிடுவாள். அவள் உன்னிடம் தமிழில்தான் பேசிக்கொண்டே இருக்கிறாள், எதையாவது, விலைவாசியை, பக்கத்து வீட்டுப் பூனையை. "பதில் வராதவங்கிட்ட என்னத்தைப் பேசுற?" என்று ஒரு நாள் கேட்டேன். "வயித்துல இருந்தப்பவும் பதில் வரலை. பேசலையா?" என்றாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்கு மொழி தேவைப்படவில்லை. எனக்கு உன்னிடம் இருந்ததே பேச்சு ஒன்றுதான், அதுவும் அதட்டல்.

போன மாதம் ஒரு மத்தியானம் என்னால் முடியவில்லை. நீ மாட்டை 'கவ்' என்றாய், மரத்தை 'ட்ரீ' என்றாய், எல்லாம் சரியாகச் சொன்னாய். அந்தச் சரிதான் எனக்குத் தாங்கவில்லை. அட்டைகளைத் தரையில் வீசினேன். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை தமிழ்ல சொல்லுடா!" என்று கத்தினேன். நீ கைகளை மடியில் வைத்துக்கொண்டாய். ஏழு வயதில் படியில் நின்ற அதே முகம். "ப்ளீஸ் டோன்ட் ஷவுட், சார்."

உன் அம்மா வந்து அட்டைகளைப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அன்னைக்குத் தமிழ் பேசுனா வெளிய நில்லுன்னீங்க. இன்னைக்குத் தமிழ் பேசலைன்னு கத்துறீங்க. எப்பத்தான் இந்தப் புள்ள உங்களுக்குச் சரியாப் பேசுவான்?" என்றாள். நான் கீழே போய்க் கடையைத் திறந்தேன். அன்று வந்த ஒருவருக்கு வெள்ளைக்குப் பதில் ஐவரி கலந்து கொடுத்துவிட்டேன். நாற்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

பிறகு ரீனா மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் ஒரு மொழியை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போனால்தான் பிடிப்பு கிடைக்கும், இரண்டையும் இப்போதே போட்டுக் குழப்ப வேண்டாம், எந்த மொழி என்று வீட்டில் பேசிச் சொல்லுங்கள் என்றார். அம்மா உடனே, "தமிழ்தான். வேற என்ன?" என்றாள். நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தம்பி, நான் வியாபாரி. எந்தச் சரக்கு கைவசம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கடை திறக்க முடியும். நீ வேலை பார்த்த பெங்களூர் ஆபீஸில் உன் நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை என்கிறார்கள். நாளைக்கு நானும் அம்மாவும் போன பிறகு நீ பேங்கில், ஆஸ்பத்திரியில், ரோட்டில் நின்று உனக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். இருக்கிற மொழியை முழுசாக்கு என்றுதான் புத்தி சொன்னது. "இங்கிலீஷ்" என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இரண்டாவது தடவையாக உன் தமிழை வெளிப்படியில் நிறுத்தினேன். முதல் தடவை பெருமைக்காக, இந்தத் தடவை பயத்தில். உன்னிடம் கேட்டேன், நீயும் தலையாட்டினாய், "டீக் ஹை" என்றாய். அது சம்மதமா, பழக்கமா? எனக்கு இன்றுவரை தெரியாது.

இது போகட்டும். நீ அங்கே போனால் வார்த்தை வராமல் தடுமாறுவாய். அப்போது தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்துவிடாதே. நம் கடையில் நீயே பார்த்திருக்கிறாய். கமோர்ட்டா தீவிலிருந்து வந்தவருக்குப் பைப் வளைவின் பெயர் தெரியாது. முழங்கையை மடக்கிக் காட்டுவார், எல்போவை எடுத்துக் கொடுப்பேன். ராஞ்சிக்காரர் மூக்கைப் பொத்திக் காட்டுவார், பெயிண்டில் கலக்கும் தின்னர் கொடுப்பேன். யாரையும் பெயர் தெரியாததற்காகத் திருப்பி அனுப்பியதில்லை. மடக்கிக் காட்டு, வரைந்து காட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டு. சரக்கை வாங்காமல் மட்டும் திரும்பாதே. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் இந்தப் பொறுமையைக் கொடுத்தவன், உனக்குக் கொடுக்கவில்லை.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். நீ மறந்திருந்தால் அம்மா ஞாபகப்படுத்துவாள்.

மூன்றாவது அட்டைக்கட்டின் கடைசி அட்டை. யாரோ வரைந்த ஒரு களம். தரை முழுக்கச் சிவப்பாகப் பரப்பியிருக்கிறது. குனிந்து கிளறும் ஒரு பெண், முகம் தெரியவில்லை. "கண்ட்ரி லைஃப் இஸ் பீஸ்ஃபுல்" என்று நீ ஆரம்பித்தாய், அந்தப் பழைய கட்டுரையை. நான் குறுக்கே பாய்ந்தேன். "நோ பீஸ்ஃபுல்!" என்றேன். ஷேடு கார்டைத் தேடவில்லை. எனக்கு அந்தச் சிவப்பு தெரியும். பரமக்குடிப் பக்கம் அந்தச் சிவப்பில்தான் பிறந்தேன், அதிலிருந்து தப்பித்துத்தான் கப்பல் ஏறினேன். "திஸ் இஸ் சில்லி. மை மதர் சில்லி ஒர்க். ஆல் டே. ஹேண்ட் பர்ன். ஐ பர்ன். வாட்டர் நோ யூஸ்" என்றேன். இவ்வளவு நீளமாக நான் இங்கிலீஷ் பேசியதே இல்லை. கண் எரிச்சலைக் காட்ட என் கண்ணையே கசக்கினேன். மிளகாய் பறித்த கையோடு அவள் எனக்குச் சோறு ஊட்ட மாட்டாள் என்று சொல்ல வார்த்தை இல்லாமல், கையை நீட்டி, பிறகு முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் காட்டினேன். "கண்ட்ரி லைஃப் இஸ் ஹாட்" என்றேன்.

"ஹாட்?" என்றாய். "சன்?"

"நோ சன். சில்லி."

"ஸ்பைசி" என்று திருத்தினாய். உதட்டில் விரலை வைத்தாய். அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வாய் திறந்தது, மூடியது. ஏதோ ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்ட மாதிரி கழுத்து நரம்பு புடைத்தது. நான் ஃபோனை எடுத்து மேடத்தைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அப்போது வந்தது.

"உறை..." என்றாய். "உறைக்... உறைக்குது."

நான் அசையவில்லை. அசைந்தால் போய்விடும் என்று பயம். அம்மாதான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "எங்கடா உறைக்குது? எதைத் தின்ன?" என்று பதறிக்கொண்டு, கையில் அள்ளி வந்த சர்க்கரையை உன் வாயில் போட்டாள். வாயில் ஒன்றுமே இல்லாத நீ அந்தச் சர்க்கரையை மென்றாய். இருபத்திரண்டு வருடம் தாமதமாக வந்த சர்க்கரை. இந்தத் தடவை அவள் ஊதவில்லை. இந்தத் தடவை நீ சொன்னது அவளுக்குப் புரிந்திருந்தது.

மறுநாள் அதே அட்டையை வைத்தேன். வரவில்லை. "ஸ்பைசி" என்றாய். சனிக்கிழமை மிளகாயையே கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அட்டையைத் திருப்பி வைத்துவிட்டாய். கதவு ஒரு முறை திறந்து மூடிக்கொண்டது. மேடத்திடம் சொன்னால், "ஒரு தடவை வந்தது நல்ல அடையாளம், அங்கிள், ஆனா அதைப் பிடிச்சு இழுக்காதீங்க" என்கிறார். நான் எப்படி இழுக்காமல் இருப்பேன்? உள்ளே சரக்கு இருக்கிறது என்று என் காதால் கேட்டுவிட்டேனே. புதன்கிழமை நீ போகிறாய். அம்மாவுக்கு உன் கை இருக்கும். எனக்கு ஃபோன்தான் இருக்கும். ஃபோனில் கையை நீட்ட முடியாது. ஃபோனில் பேச்சு மட்டும்தான்.

அதனால் நேற்று உன்னைக் கடைக்கு இறக்கிக் கூட்டி வந்தேன். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. உன்னிடம் இதுவரை உத்தரவுதான் போட்டிருக்கிறேன். பேரம் பேசியதில்லை. "எவ்ரி டே ஃபோன்" என்றேன். "ஐ டெல் ஒன் பிக்சர். ஃபுல் இங்கிலீஷ். யூ கிவ் தமிழ்." நீ யோசித்தாய். "ஹவ் மெனி?" என்றாய். என் பிள்ளைதான். "ஃபைவ் வேர்ட்" என்றேன். "நோ." "த்ரீ." தலையை ஆட்டினாய். "டூ. லாஸ்ட்." நீ ஒற்றை விரலைக் காட்டினாய். சரி, இன்றைக்கு வராவிட்டால் நாளைக்குச் சேர்த்துக் கொடு, வாங்கிக்கொள்கிறேன் என்று எப்படியோ கையாலும் வாயாலும் சொன்னேன். நீ திரும்பி, கல்லாவுக்கு மேலே தொங்கும் பலகையைக் காட்டினாய். எட்டாம் வகுப்பு படிக்கும்போது மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டில் நீயே இங்கிலீஷில் எழுதி மாட்டியது.

"நோ கிரெடிட், சார்" என்றாய்.

நான் கை கொடுத்தேன். ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போயிருந்தது, அதை இங்கே நான் சேர்த்துக்கொள்கிறேன், அம்மா சாட்சி. பேசி முடித்தது இதுதான்: தினமும் கடை சாத்தியதும் ஒரு ஃபோன். ஒரு படத்துக்கு ஒரு வார்த்தை. கடன் கிடையாது. நான் சேர்ப்பது இது: ஒரே வார்த்தையை எத்தனை நாள் திருப்பிக் கொடுத்தாலும் செல்லும்.